தொண்டு வேலை செய்யும் பெற்றோருக்கு மட்டும் பள்ளி பேண்ட் கட்டணத்தில் கழிவு: சரியா, தவறா?

டாலஸ் மீனா:

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் புறநகரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளி மார்ச்சிங் பேண்டில், அதாவது ஃபுட்பால் மேட்சில் அணிவகுத்து வாசிக்கும் இசைக்குழுவில், கிளாரிநெட் வாசிக்கிறாள். இந்த வருடம், பேண்டுக்கு நிதி திரட்டும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப்பில் துணைத் தலைவர் பதவி என் தலையில் விழுந்திருக்கிறது. வேறு யாரும் கை தூக்கவில்லை, அதுதான் என் தகுதி.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம் பேண்ட் ஆசிரியர்களான டைரக்டர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது, பேண்ட் ஹால் கட்டித் தருகிறது, டூபா, டிம்பனி போன்ற பெரிய கருவிகளை வாங்கி வைக்கிறது. சீசன் தொடங்கிவிட்டால் மற்ற செலவுகள் வரிசையாக வரும். ஷோவுக்கான இசையை எழுதி வாங்க வேண்டும். மைதானத்தில் எந்தப் பிள்ளை எந்த எண்ணிக்கையில் எங்கே நிற்க வேண்டும் என்று ட்ரில் வரைந்து வாங்க வேண்டும். டிரம்லைனுக்கும், கொடி சுழற்றும் கலர் கார்டுக்கும் தனிப் பயிற்சியாளர்கள், போட்டி நுழைவுக் கட்டணம், லாரி வாடகை, மேட்ச் நாளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. இதில் பெரும்பகுதி பெற்றோர் பொறுப்பு. ஒரு பங்கைக் கட்டணமாக வாங்குகிறோம், மீதியை மேட்சில் கன்செஷன் ஸ்டாண்ட் (தின்பண்டக் கடை) நடத்தியும் பொருள் விற்றும் சேர்க்கிறோம்.

பிரச்சினை என்னவென்றால், எப்போது பார்த்தாலும் அதே பத்துப் பதினைந்து முகங்கள்தான் வேலை செய்கின்றன. அதனால் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஸ்டாண்டில் ஒரு ஷிப்ட் நின்றால் இத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு இத்தனை டாலர், அந்தப் பணம் அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் கட்டணத்தில் கழியும். வராதவர்கள் முழுத்தொகை கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது. எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. உங்கள் ஊரில் எப்படி?

கொங்குத் தம்பி:

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அட்லாண்டா பக்கம் இருக்கிறேன், மகன் டிரம்பெட். வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மேட்சில் நாச்சோவுக்கு சீஸ் ஊற்றிக்கொண்டு நாலு மணி நேரம் நிற்பவனுக்கும், பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் ஓடிடியில் படம் பார்ப்பவனுக்கும் ஒரே கட்டணமா? உழைத்தவனுக்குக் கழிவு கொடுங்கள். நான் ஓட்டுப் போடுவதாக இருந்தால் இரண்டு கையையும் தூக்குவேன்.

கணக்கப்பிள்ளை:

மீனா அவர்களே, ஓட்டுக்கு விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஹூஸ்டனில் ஒரு பள்ளி பேண்ட் பூஸ்டரில் டிரெஷரராக இருந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிளப் 501(சி)(3) என்ற, லாபநோக்கமற்ற அமைப்புக்கான வரிவிலக்கு அந்தஸ்து பெற்றதாகத்தான் இருக்கும். அந்த அந்தஸ்து இருப்பதால்தான் கொடுப்பவர்களுக்கு வரிவிலக்கு கிடைக்கிறது, கம்பெனிகள் பணம் தருகின்றன. அதற்கு ஈடாக அரசு முக்கியமாகக் கேட்பது: திரட்டிய பணம் மொத்த பேண்டுக்கும் போக வேண்டும், தனி ஒரு குடும்பத்தின் பைக்குள் போகக் கூடாது. யார் எவ்வளவு உழைத்தார்களோ அந்த அளவுக்கு அவரவர் பிள்ளையின் கட்டணத்தைக் குறைத்தால், கிளப் என்பது உறுப்பினர்கள் தங்கள் பில்லைத் தாங்களே கட்டிக்கொள்ள வைத்திருக்கும் கூட்டுக் கடை ஆகிவிடுகிறது. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இதைத் தனியார் ஆதாயம் என்று பார்க்கிறது.

சும்மா பயமுறுத்தவில்லை, வழக்கே இருக்கிறது. வர்ஜீனியாவில் கேபிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் என்று ஒன்று. பேண்ட் இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸ், ஆனால் முறை அச்சு அசலாக உங்களுடையதுதான். பொருள் விற்ற பெற்றோருக்குப் புள்ளி, புள்ளிக்கு ஏற்றபடி அவர்கள் பிள்ளையின் கட்டணத்தில் கழிவு. விற்காதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஐ.ஆர்.எஸ். அந்தஸ்தைப் பறித்தது. கிளப் வரி நீதிமன்றம் போனது. 2013இல் நீதிமன்றம் ஐ.ஆர்.எஸ். செய்தது சரிதான் என்று சொல்லிவிட்டது. "உழைக்காமல் ஓசியில் வருபவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு" என்ற வாதம் அங்கேயும் வந்தது, எடுபடவில்லை.

ஒரு பிள்ளை பெயரில் தனிக் கணக்கு வைப்பது, அண்ணன் பட்டம் வாங்கிப் போனதும் மிச்சத்தைத் தம்பி பெயருக்கு மாற்றுவது, இவையும் அதே வகைதான். நிறைய கிளப்கள் இன்னமும் செய்கின்றன என்பது உண்மை. செய்கிறார்கள் என்பதால் சரியாகிவிடாது.

கொங்குத் தம்பி:

அண்ணா, சட்டம் சரி. ஆனால் ஐ.ஆர்.எஸ்.காரனுக்கு வேறு வேலை இல்லையா? பள்ளிக்கூட பேண்டில் நாச்சோ விற்ற காசை எண்ணிப் பார்க்கவா வரப் போகிறான்?

அப்புறம் இன்னொன்று. புள்ளி கூடாது என்றால் ஓசிக்காரர்களை என்னதான் செய்வது? சும்மா விட்டுவிடுவதா? இதற்குப் பதில் சொல்லாமல் சட்டம் மட்டும் சொன்னால் எப்படி?

கணக்கப்பிள்ளை:

ஐ.ஆர்.எஸ்.காரர்கள் பெரும்பாலும் தாங்களாக வர மாட்டார்கள். உள்ளே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறும் ஒருவர் புகார் எழுதினால் வருவார்கள். பூஸ்டர் கிளப்பில் சண்டை வராது என்று உங்களால் சொல்ல முடியுமா?

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. "ஓசிக்காரர்" என்று நீங்கள் சொல்லும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஓடிடி பார்ப்பவர் இருப்பார், மறுக்கவில்லை. இரவு ஷிப்ட் நர்ஸ் இருப்பார். தனியாளாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அம்மா இருப்பார். கார் ஒன்றுதான் உள்ள குடும்பம் இருக்கும். புள்ளி முறையில் முதலில் அடிபடுவது இவர்கள்தான். முழுக் கட்டணமும் இவர்களுக்கு, ஷிப்டுக்கு வர நேரமும் கிடையாது. ஓடிடி பார்ப்பவருக்கு ஒரு வலியும் இல்லை, செக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

சட்டப்படி நீங்கள் செய்யக்கூடியது இது: ஸ்டாண்டில் வந்த லாபத்தை மொத்த பட்ஜெட்டில் போட்டு, எல்லோருடைய கட்டணத்தையும் ஒரே அளவில் குறையுங்கள். கஷ்டப்படும் குடும்பத்துக்குத் தனி உதவி வையுங்கள். அந்த உதவிக்குத் தேவை மட்டுமே அளவுகோல். அந்த வீட்டார் எத்தனை ஷிப்ட் வந்தார்கள் என்று பார்க்கக் கூடாது. யாருக்கு உதவி என்பது டைரக்டருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

பே ஏரியா பாலு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கலிஃபோர்னியாவில் இந்தப் பேச்சே வேறு மாதிரி. இங்கே "கட்டணம்" என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது.

1984இல் ஹார்ட்ஸெல் எதிர் கானல் என்ற வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சான்டா பார்பராவில் நாடகம், இசை, விளையாட்டு இவற்றில் சேரப் பள்ளி மாவட்டம் காசு கேட்டது. இலவசக் கல்வி என்று அரசியலமைப்பு சொல்லும்போது இவையும் கல்விதான், காசு கேட்காதே என்றது நீதிமன்றம். ஏழைகளுக்கு விலக்கு கொடுத்தாலும் கட்டணம் கட்டணம்தான் என்றும் சொல்லிவிட்டது. அப்படியும் பள்ளிகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2012இல் ஏபி 1575 என்று தனிச் சட்டமே போட்டார்கள். யூனிஃபார்ம் முதற்கொண்டு பள்ளி தர வேண்டும். பூஸ்டர்கள் நன்கொடை கேட்கலாம், கொடுக்காதவர் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வசதியான ஊரில் "பரிந்துரைக்கப்பட்ட நன்கொடை" என்று கடிதம் வரும், கொடுத்துவிடுவார்கள். வசதியில்லாத ஊரில் கடிதம் வந்தாலும் பணம் வராது, பேண்ட் சுருங்கிவிடும். 2022இல் ப்ராப்பொசிஷன் 28 என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். கலைக்கும் இசைக்கும் என்றே மாநில பட்ஜெட்டில் தனிப் பணம், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்குக் கூடுதல் பங்கு. 500 மாணவரோ அதற்கு மேலோ உள்ள மாவட்டங்கள் அதில் 80 சதவீதத்தை ஆட்களை வேலைக்கு வைப்பதற்கே செலவிட வேண்டும். எங்கள் பெற்றோர் குழு இப்போது ஸ்டாண்ட் நடத்துவதை விட, அந்தப் பணம் எங்கே போனது என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் கேட்பதைத்தான் அதிகம் செய்கிறது. அதுவும் பெற்றோர் வேலைதான் என்பது என் கட்சி.

நியூஜெர்சி சுந்தரி:

எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள். மீனா, உங்கள் ஆட்கள் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா?

எங்கள் பள்ளியில் இந்தியப் பெற்றோர் நிறைய. கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்று பழைய தலைவி புலம்பிக்கொண்டே இருந்தார். விசாரித்துப் பார்த்தால் காரணங்கள் ரொம்பச் சாதாரணம். கூட்டம் மாலை 6 மணிக்கு வைத்தார்கள், நம்மவர்கள் பாதிப் பேர் அப்போது நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருப்பார்கள். வாலன்டியர் பதிவு ஆன்லைனில் இருந்தது, ஆனால் "பிட் க்ரூ", "ப்ளூம் டீம்", "சாப்பரோன்" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் என்ன வேலை என்று யாருக்குத் தெரியும்? தெரியாத வேலைக்குப் பெயர் கொடுக்க ஆளுக்கு ஆள் தயக்கம்.

அப்புறம் ஹாட் டாக். வெட்கப்படாமல் சொல்கிறேன், சைவ வீட்டு அம்மாக்கள் பலர் கன்செஷன் ஸ்டாண்டுக்கு வராததற்கு இதுதான் காரணம். மாட்டிறைச்சி ஹாட் டாக்கைக் கையால் தொட வேண்டுமே என்று. அதை வெளியில் சொல்லவும் கூச்சம், அதனால் "வேலை இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். கல்லாவிலும் பாப்கார்னிலும் மட்டும் நிற்கலாம் என்று பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். அடுத்த மேட்சுக்குக் கல்லாவுக்கு ஆட்கள் போட்டி போட்டார்கள். கணக்கில் நம் அம்மாக்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, வரிசை மளமளவென்று நகர்ந்தது.

அப்பாக்களுக்கு பிட் க்ரூ. மரிம்பா, வைப்ரஃபோன், ஸ்பீக்கர் வண்டி எல்லாவற்றையும் ஹாஃப் டைமுக்கு முன்னால் மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், முடிந்ததும் சில நிமிடங்களுக்குள் வெளியே எடுக்க வேண்டும். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷர்கள் தேர் வடம் பிடிப்பது போலச் சேர்ந்து இழுப்பதைப் பார்க்க வேண்டும்! ஒருவர் கையில் பட்டை கட்டிக்கொண்டு அடுத்த வாரமும் வந்தார். என் வீட்டுக்காரரும்தான்.

டாலஸ் மீனா:

கணக்கப்பிள்ளை சார், அந்த வழக்கை எங்கள் தலைவருக்கு அனுப்பினேன். அவர் மாவட்ட அலுவலகத்தில் கேட்டிருக்கிறார், அங்கேயும் தனிக் கணக்கு வேண்டாம் என்றே சொன்னார்களாம். புள்ளி யோசனை ஓட்டுக்கு வராது. சிலருக்குக் கோபம்தான். வருடக்கணக்காக நின்று உழைத்தவர்கள், அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

சுந்தரி, ஹாட் டாக் விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் குழுவில் கேட்டவுடனே மூன்று பேர் தனிச் செய்தியில் "ஆமாம்" என்றார்கள். பொதுவில் ஒருவரும் சொல்லவில்லை!

இங்கே இன்னொரு தடை நேரம். ஆகஸ்ட் வெயிலில் சம்மர் பேண்ட் பயிற்சி. பள்ளி திறந்ததும் காலை ஏழு மணிக்கு முன்பே பயிற்சி, வெள்ளிக்கிழமை மேட்ச், அக்டோபரில் சனிக்கிழமைதோறும் போட்டி. டெக்சாஸில் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு, பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று வைத்திருக்கிறது, அதனால் ஓரளவு தப்பிக்கிறோம். ஆனாலும் தமிழ்ப் பள்ளியும் பாட்டு வகுப்பும் அடிபடுகின்றன. "பேண்டால் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) குறைகிறதே, ஏபி (கல்லூரித் தர) வகுப்பு எடுத்திருக்கலாமே" என்று கேட்கும் பெற்றோரை ஷிப்டுக்கு எப்படிக் கூப்பிடுவது சொல்லுங்கள்.

கொங்குத் தம்பி:

ஜிபிஏ கட்சி எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களைத் திருத்த முடியாது, விட்டுவிடுங்கள் அக்கா.

ஆனால் உங்கள் டெக்சாஸில் இலையுதிர்கால மார்ச்சிங் பேண்டை உடற்கல்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள் இல்லையா? டெக்சாஸில் இருக்கும் என் மச்சினன் மகன் அப்படித்தான் பி.இ. வகுப்பே போகாமல் முடித்தான். அந்த இடத்தில் ஒரு ஏபி வகுப்பு நுழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள், ஜிபிஏ கட்சியே வந்து லாரி தள்ளும்.

புள்ளி விஷயத்தில் நான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான்.

ராகமாலிகா:

நான் ஆஸ்டினில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன், அதனால் நேரத் தகராறில் மறுபக்கம் நான். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் பேண்ட் அல்லது ஆர்க்கெஸ்ட்ரா. அக்டோபர் வந்தால் வகுப்பு காலி.

ஆரம்பத்தில் கோபம் வரும். இப்போது செப்டம்பர், அக்டோபரில் சனிக்கிழமை வகுப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றிவிடுகிறேன். பேண்ட் பெற்றோரே கூடிப் பேசி நாளைச் சொன்னார்கள். குருவிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து சாக்குச் சொல்வதை விட, போட்டி அட்டவணை வந்ததும் எல்லோருமாக வந்து கேட்டால் எந்த ஆசிரியரும் இறங்கி வருவார். பெற்றோர் ஒற்றுமைக்கு இதையும் கணக்கில் சேருங்கள்.

"நம்ம சங்கீதத்தை விட்டுட்டு பேண்ட் எதுக்கு" என்று கேட்கும் தாத்தாக்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. சரபோஜி மன்னர் காலத்திலேயே தஞ்சாவூர் அரண்மனையில் மேல்நாட்டு பேண்ட் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டை பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள், என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் அவற்றைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர். மீனாவின் மகள் வாசிக்கும் கிளாரிநெட் ஒரு காலத்தில், பரதநாட்டியத்தின் முன்னோடியான சதிர்க் கச்சேரியில் பக்கவாத்தியம். பிறகு ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரியே செய்தார்.

நடைமுறையில் என் அனுபவம்: நம் வகுப்பில் படித்த பிள்ளைக்குத் தாளமும் காதும் முன்னால் ஓடும், நோட்டுப் பார்த்து வாசிப்பது பின்தங்கும். காதால் கேட்டுச் சமாளித்துவிடுவார்கள், டைரக்டருக்குத் தெரியாது, நடுநிலைப் பள்ளி முடியும்போது மாட்டிக்கொள்வார்கள். ஆறாம் வகுப்பிலேயே நோட்டு வாசிப்பைக் கவனியுங்கள்.

நாமக்கல் காயத்ரி:

எனக்கு ஒரு சந்தேகம், யாரும் சிரிக்காதீர்கள். நான் ஹெச்4 விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி கிடையாது. பேண்ட் ஸ்டாண்டில் நின்றால் அது "வேலை" ஆகிவிடுமா? அதற்குப் பயந்துதான் இதுவரை பெயர் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் வேண்டாம் என்கிறார்.

கணக்கப்பிள்ளை:

சிரிக்க ஒன்றுமில்லை, இந்தக் கேள்வி நிறையப் பேர் மனதில் இருக்கிறது. சம்பளமோ அதற்கு ஈடான எதுவுமோ வாங்காமல், வழக்கமாகவே தொண்டர்கள் செய்யும் வேலையை, லாபநோக்கமற்ற அமைப்புக்குச் செய்வது பொதுவாகப் பிரச்சினை இல்லை. பள்ளி பேண்டுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது அதில்தான் வரும்.

இப்போது மேலே பேசிய புள்ளி முறையை நினைத்துப் பாருங்கள். ஷிப்டுக்கு இத்தனை டாலர் என்று கட்டணத்தில் கழித்தால், செய்த வேலைக்குக் கூலி வாங்கிய மாதிரி ஆகிறது. உங்கள் விசாவில் அதைத் தொடவே கூடாது. தம்பி, இதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையில் வேறு ஏதாவது சிக்கல் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இணையத்தில் கணக்கப்பிள்ளை சொன்னான் என்று போகாதீர்கள்.

நெல்லைச் சீமையான்:

மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் தாத்தா நான். பேரன் சூசாஃபோன் என்ற பெரிய ஊதுகருவி வாசிக்கிறான். அதைச் சுமந்துகொண்டு நடப்பதைப் பார்த்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். பேண்ட் யூனிஃபார்ம் பள்ளிக்கூடத்துச் சொத்து, வருடா வருடம் வேறு பிள்ளைக்குப் போகும், கால்சட்டையின் நீளத்தை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். துணியை வெட்டக் கூடாது, மடித்துத்தான் தைக்க வேண்டும். என் மனைவி தையல் தெரிந்தவள். மகள் இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்து போட்டாள், நாங்கள் இருவரும் டிவி பார்த்துக்கொண்டே முடித்துக் கொடுத்தோம். நான் பழைய தையலைப் பிரித்தேன், அவள் தைத்தாள். பள்ளிக்குள் போக வேண்டும் என்றால் அடையாள அட்டை, பின்னணிச் சோதனை என்று ஏகப்பட்ட கெடுபிடி, வீட்டில் தைக்க அதெல்லாம் வேண்டாம்.

இங்கே வந்து ஆறு மாதம் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் எத்தனை பேர். அவர்களிடம் வேலை கொடுங்கள் அம்மா. காசு வேண்டாம், ஒரு மேட்சுக்குக் கூட்டிப் போனால் போதும். குளிருக்குக் கம்பளி மட்டும் மறக்க வேண்டாம்.

நியூஜெர்சி சுந்தரி:

ஐயா, உங்கள் வீட்டு முகவரி கிடைத்தால் எங்கள் பள்ளி யூனிஃபார்மையும் அனுப்பிவிடுவேன் :)

டாலஸ் மீனா:

ஐயா, அற்புதம். எங்கள் யூனிஃபார்ம் அம்மா ஒருவரே எல்லாவற்றையும் தைத்துக்கொண்டிருக்கிறார், அவரிடம் இன்றே சொல்கிறேன்.

ஒரு நிதிக் கேள்வி பாக்கி. கட்டணத்தை எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்றால் பணம் வேறு வழியில் வர வேண்டும். குக்கீ மாவு, பரிசுத் தாள், மெத்தை விற்பனை எல்லாம் செய்துவிட்டோம். அக்கம்பக்கத்தார் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்கள். வேறு என்ன?

பே ஏரியா பாலு:

விற்பதை நிறுத்துங்கள். நம்மவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளைப் பிடியுங்கள். ஊழியர் நன்கொடை கொடுத்தால் அதே அளவு கம்பெனியும் கொடுக்கும் திட்டம் பெரிய ஐ.டி. கம்பெனிகள், வங்கிகள் பலவற்றில் இருக்கிறது. அதை விட முக்கியம், தொண்டு நேரத்துக்கே பணம் தரும் கம்பெனிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர் செய்யும் தொண்டுக்கு மணிக்கு 25 டாலர் அந்த அமைப்புக்குக் கொடுக்கிறது. கொங்குத் தம்பி வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் சீஸ் ஊற்றினால், அவர் கம்பெனி இப்படிப்பட்டதாக இருந்தால், நாச்சோ லாபத்துக்கு மேல் 100 டாலர். பணம் கிளப்புக்குத்தான் வருகிறது, எந்தப் பிள்ளையின் பெயரிலும் இல்லை, அதனால் சட்டச் சிக்கலும் கிடையாது.

நாங்கள் செய்தது: பெற்றோர் எந்தெந்தக் கம்பெனி என்று ஒரு படிவம் வைத்துக் கேட்டோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒருவர் பொறுப்பு. எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது அவர் வேலை. பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அதனால் இந்த சீசன் பட்ஜெட்டில் அதை எழுதாதீர்கள்.

கொங்குத் தம்பி:

அடடே, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேனே. என் கம்பெனியில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை பார்க்கிறேன்.

கணக்கப்பிள்ளை:

பாலு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனிகள் பணம் அனுப்பும் முன் ஐ.ஆர்.எஸ். பட்டியலில் உங்கள் கிளப் பெயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் வருடா வருடம் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் 990-என் என்ற மின் அட்டையைத் தாக்கல் செய்தால் போதும், சில நிமிட வேலை. மார்ச்சிங் பேண்ட் வைத்திருக்கும் பெரிய பள்ளிகள் அதைத் தாண்டிவிடும், அப்போது 990-ஈஇஸட் அல்லது முழு 990. தொடர்ந்து 3 வருடம் தாக்கல் செய்யாவிட்டால் அந்தஸ்து தானாகப் போய்விடும், யாரும் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் பிள்ளை பட்டம் வாங்கியதும் போய்விடுகிறார்கள், கடவுச்சொல்லும் அவர்களோடு போய்விடுகிறது, அதனால்தான் இது அடிக்கடி நடக்கிறது. ஐ.ஆர்.எஸ். தளத்தில் உங்கள் கிளப் பெயரை இன்றே தேடிப் பாருங்கள்.

டெக்சாஸில் தகுதியுள்ள அமைப்பு ஒரு காலண்டர் வருடத்தில் 2 முறை, ஒருநாள் விற்பனையை விற்பனை வரி இல்லாமல் நடத்தலாம். டி-ஷர்ட், யார்டு சைன் (வீட்டு முன் நடும் பலகை) எல்லாவற்றையும் அந்த நாட்களில் தள்ளிவிடுங்கள்.

பணத்தைக் கையாள்வது பற்றி: கல்லாவை மூடும்போது இரண்டு பேர் எண்ணி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரே வீட்டைச் சேர்ந்த இருவர் கூடாது. வங்கி அறிக்கையை மாதாமாதம் கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். டிரெஷரர் நல்லவர், கோயில் கமிட்டியில் இருக்கிறார் என்பதெல்லாம் சரி. பூஸ்டர் பணம் காணாமல் போன செய்திகளில் வரும் டிரெஷரர் எல்லோருமே ஊரில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர்கள்தான். இந்த ஏற்பாடு நல்ல டிரெஷரருக்கும் பாதுகாப்பு, யாரும் அவரைப் பின்னால் பேச முடியாது.

நாமக்கல் காயத்ரி:

நன்றி சார், இந்த வெள்ளிக்கிழமை பாப்கார்னுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் ஸ்டாண்டுக்கு வருபவர்கள் காசு இல்லை என்றால், பொறுப்பில் இருக்கும் ஒருவரின் சொந்த ஸெல் (வங்கி வழியாகப் பணம் அனுப்பும் வசதி) எண்ணைச் சொல்லி அனுப்பச் சொல்கிறார்கள். பிறகு மொத்தமாகக் கிளப்புக்கு மாற்றிக் கொடுத்துவிடுவாராம். அது பரவாயில்லையா?

கணக்கப்பிள்ளை:

கூடாது. கிளப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கோடு இணைத்த கார்டு கருவியோ க்யூஆர் அட்டையோ வையுங்கள். அது வரும் வரை ரொக்கம் மட்டும். மேட்ச் தொடங்கும் முன் அவரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் வேண்டாம்.